ராக்டால் பூனை: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

ராக்டால் விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே வித்தையைத்தான் காட்டுவார்கள். குட்டியைத் தூக்கி, முழங்கையில் மல்லாத்திப் போட்டு, "பாருங்க சார், எப்படி அசையாமக் கிடக்குது!" என்பார்கள். நீலக் கண், பட்டு முடி, அந்தச் சாதுத்தனம் மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் வாங்க வந்தவர் அங்கேயே முடிவு செய்துவிடுவார்.

இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது, அந்த அமைதியை மட்டும் நம்பாதீர்கள் என்பதைத்தான். நல்ல ராக்டால் சாதுதான். ஆனால் காய்ச்சலில் துவண்ட குட்டியும் அதே மாதிரிதான் கையில் கிடக்கும். வளர்ந்த பிறகும் இது கத்தி ஊரைக் கூட்டாது. உடம்புக்கு முடியாவிட்டால் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வாங்கும்போதும் சரி, வளர்க்கும்போதும் சரி, பார்க்கிற கண் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

## முதலில் கொஞ்சம் பின்கதை

1960களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ரிவர்சைடு நகரில் ஆன் பேக்கர் என்பவர் உருவாக்கிய இனம் இது. ஜோசஃபின் என்ற நீள்முடி வெள்ளைப் பூனைதான் மூலத்தாய். ஜோசஃபின் ஒருமுறை காரில் அடிபட்டுப் பிழைத்தது. அதற்குப் பிறகு பிறந்த குட்டிகள் அலாதியான சாதுவாக இருக்கவே, பேக்கர் அவற்றையும் அவற்றின் வாரிசுகளையும் தேர்ந்தெடுத்து இணைசேர்த்தார். அதோடு நிற்காமல், விபத்தால்தான் குணம் மாறியது, இந்தப் பூனைகளுக்கு வலியே தெரியாது என்றெல்லாம் கதை கட்டினார். காரில் அடிபட்டது குட்டியின் மரபணுவில் ஏறாது. ராக்டாலுக்கு மற்ற எந்தப் பூனையையும் போல வலிக்கும். இன்றைக்கும் சில விற்பனையாளர்கள் அந்தப் பழைய கதையைச் சொல்கிறார்கள். சொன்னால் அந்த ஆளிடம் வாங்க வேண்டாம்.

1971ல் பேக்கர் தனக்கென ஒரு பதிவமைப்பை (பூனைகளின் வம்சத்தைப் பதிவுசெய்யும் அமைப்பை)த் தொடங்கி, பிறகு இனத்தின் பெயருக்கே வணிக உரிமை பெற்று, ப்ரீடர்களிடம் (பூனைகளை இனப்பெருக்கம் செய்து விற்பவர்களிடம்) கட்டணம் கேட்டார். டெனி, லாரா டேட்டன் தம்பதி அவரிடமிருந்து விலகி, பொதுவான பதிவமைப்புகளிடம் இந்த இனத்தைக் கொண்டுபோனார்கள். பிரிட்டனுக்கு 1981ல் போனது. கேட் ஃபேன்சியர்ஸ் அசோசியேஷன் (சிஎஃப்ஏ) 1993ல்தான் பதிவுக்கு ஏற்றது. பூனைக் கண்காட்சிப் போட்டிகளில் முழுத் தகுதி கிடைத்தது 2000ல்.

இந்தக் கதையால் நமக்கு என்ன லாபம்? விரல்விட்டு எண்ணக்கூடிய பூனைகளிலிருந்து கிளைத்த வம்சம் இது. உறவுக்குள்ளேயே உறவு என்பது இதில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. கீழே இதயத்தைப் பற்றி நீட்டி முழக்கப்போவதற்கு இது ஒரு காரணம்.

## படி 1: உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா

ஆண் ராக்டால் 7 முதல் 9 கிலோ வரை வளரும். பெண் நாலரை முதல் 7 கிலோ. முழு வளர்ச்சிக்கு நான்கு வருடம் பிடிக்கும். சராசரியாக 12 முதல் 15 வருடம் வாழும். அதாவது இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை கேட்கிறது என்று வாங்கினால், அந்தப் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் பூனை வீட்டில் இருக்கும். அப்போது பார்த்துக்கொள்ளப்போவது நீங்கள்தான்.

இது மனிதர்களோடு ஒட்டும் பூனை. அறைக்கு அறை பின்னாலேயே வரும், வாசலில் வந்து நிற்கும், பாத்ரூம் கதவுக்கு வெளியே காத்திருக்கும். வீட்டில் இருவரும் காலையில் போய் இரவு வருகிறவர்கள் என்றால் ஒற்றை ராக்டால் வாடிப்போகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகள் நல்லது. செலவு இரண்டு மடங்காகும்தான். அதற்குத் தயாரில்லை என்றால் இந்த இனமே வேண்டாம். இரண்டு நாட்டுப் பூனைகளைத் தத்தெடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்குப் பழகியவை, புத்திசாலிகள், எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியமே உண்டு.

மொட்டைமாடிக்கும் தெருவுக்கும் போய்வரட்டும் என்று நினைப்பவர்களுக்கும் ராக்டால் சரிவராது. தெருநாய் வந்தால் ஓடலாமா வேண்டாமா என்று யோசித்து நிற்கும். முன்பின் தெரியாதவர் தூக்கினாலும் பேசாமல் கூடப் போய்விடும். இதை வீட்டுக்குள்ளேயே வைத்துத்தான் வளர்க்க வேண்டும்.

## படி 2: எது ராக்டால், எது இல்லை

நீள்முடியும் நீலக்கண்ணும் இருந்தால் ராக்டால் என்று விற்கிற கூட்டம் பெரியது. பாரசீகப் பூனையும் வேறு ஏதோவும் கலந்த குட்டி, ஹிமாலயன் குட்டி எல்லாம் இந்தப் பெயரில் கைமாறுகின்றன. கண்ணால் பார்த்தே சிலவற்றைக் கழித்துவிடலாம்.

முகம் தட்டையாக இருக்கக் கூடாது. பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு லேசான வளைவோடு இறங்கி முன்னால் நீளும். மூக்கு கண்ணுக்கு நேராக அழுந்தியிருந்தால் அது பாரசீக வழி. இரண்டு காதுகளுக்கும் நடுவே உச்சந்தலை தட்டையாகத் தெரியும். கண் நீலம்தான், பச்சை, மஞ்சள், தாமிர நிறக் கண் போட்டி வரையறைக்குள் வராது. மிங்க், செபியா, சாலிட் என்று நிறவகைப் பெயர்களைச் சொல்லி "அரிய வகை" விலைக்குக் கேட்பார்கள். அவையும் போட்டி வரையறைக்கு வெளியேதான். அரியது என்பதற்காக யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பரவலாக அங்கீகரிக்கப்பட்ட நிற அமைப்புகள் மூன்று. கலர்பாயின்ட் என்றால் முகம், காது, கால், வால் ஆகியவை அடர்நிறம். வெள்ளை எங்கும் இருக்காது. மிட்டட் என்றால் முன்பாதங்களில் வெள்ளைக் கையுறை, பின்கால்களில் வெள்ளை, தாடையும் வெள்ளை. (பர்மன் இனத்துக்கும் வெள்ளைப் பாதம் உண்டு, ஆனால் தாடை வெள்ளையாக இருக்காது. இரண்டையும் பிரித்தறிய இது ஒன்றே போதும்.) பைகலர் என்றால் நெற்றியிலிருந்து மூக்கின் இருபுறமும் இறங்கும் தலைகீழ் 'வி' வடிவ வெள்ளை. சீல், ப்ளூ, சாக்லேட், லைலாக், ரெட், க்ரீம் என நிறங்கள்; சிலவற்றில் லின்க்ஸ் எனப்படும் வரிகளும் வரும்.

குட்டிகள் பிறக்கும்போது எல்லாமே வெள்ளை. நிறம் எட்டுப் பத்து நாள் கழித்துத்தான் மெல்ல ஏறத் தொடங்கும். முழு நிறம் வர இரண்டு மூன்று வருடம் ஆகும். காரணம் சுவாரசியமானது. நிறமியை உண்டாக்கும் நொதி உடல் வெப்பத்தில் சரியாக வேலை செய்யாது, குளிர்ச்சியான இடத்தில்தான் செய்யும். அதனால்தான் உடலின் ஓரங்களான காதும் வாலும் கருக்கின்றன, நடுவுடம்பு வெளுப்பாக இருக்கிறது. சென்னையில் வளரும் ராக்டால் குளிர்நாட்டுப் படங்களில் இருப்பதைவிட வெளிறி இருந்தால் குறை சொல்லாதீர்கள். வெயில் செய்த வேலை அது. அறுவை சிகிச்சைக்காக முடி மழித்த இடத்தில் புது முடி கருத்து முளைப்பதும் இதனால்தான். அடுத்த முடி உதிர்வில் சரியாகிவிடும்.

## படி 3: இதயத்தைக் கேளுங்கள், விலையைப் பிறகு கேளுங்கள்

ராக்டாலைக் கொல்லும் நோய்களில் முதலில் பேச வேண்டியது ஹெச்சிஎம். இதயத் தசை தடித்து, உள்ளறை சுருங்கி, ரத்தம் தேங்கும் நோய். பூனைகளில் பொதுவாகவே அதிகம் காணப்படும் இதயநோய் இதுதான். ராக்டாலில் இதற்குக் காரணமான ஒரு மரபணுப் பிழை 2007ல் கண்டறியப்பட்டது. எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் உள்ள பிழை. ஆர்820டபிள்யூ என்று குறிப்பிடுவார்கள். மெய்ன் கூன் இனத்திலும் இதே மரபணுவில்தான் பிழை, ஆனால் வேறு இடத்தில். அதனால் மெய்ன் கூனுக்கான பரிசோதனை முடிவை ராக்டாலுக்குக் காட்டினால் அது செல்லாது.

பரிசோதனை எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலும், பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங்ஃபோர்டிலும் இதைச் செய்கிறார்கள். முடிவு மூன்றில் ஒன்றாக வரும். பிழையே இல்லாதது, ஒரு பிரதி உள்ளது, இரண்டு பிரதியும் உள்ளது. ஒரு பிரதி உள்ள பூனைகளில் பல பெரிய தொந்தரவு இல்லாமல் வாழ்ந்துவிடும். இரண்டு பிரதியும் இருந்தால் சின்ன வயதிலேயே நோய் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம்.

தாய், தகப்பன் இரண்டுமே பிழையில்லாதவை என்றால் குட்டிகள் எல்லாமே பிழையில்லாதவை. ஒன்றில் ஒரு பிரதி இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டிலும் ஒவ்வொரு பிரதி இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பிரதியோடு குட்டி பிறக்கும். ஆகவே ப்ரீடரிடம் கேட்க வேண்டியது, "ஹெல்தியா இருக்கா?" என்று அல்ல. "தாய்க்கும் தகப்பனுக்கும் ஹெச்சிஎம் டிஎன்ஏ ரிப்போர்ட் இருக்கா, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் பூனையின் பதிவுப் பெயரும் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத ரிப்போர்ட் எந்தப் பூனைக்கும் பொருந்தும்.

இதோடு தீரவில்லை. இந்தப் பிழை இல்லாத ராக்டாலுக்கும் ஹெச்சிஎம் வரலாம். எல்லாக் காரணங்களும் இன்னும் கண்டறியப்படவில்லை. அதனால் நல்ல ப்ரீடர் இனப்பெருக்கப் பூனைகளுக்கு டிஎன்ஏ சோதனையோடு எக்கோ ஸ்கேனும் அவ்வப்போது எடுத்திருப்பார். ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்பு கேட்கவில்லை என்பது ஆதாரமாகாது. ஹெச்சிஎம் உள்ள பல பூனைகளில் எதுவுமே கேட்காது.

"எங்க லைன்ல அந்தப் பிரச்சினையே கிடையாது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சோதிக்காமல் எப்படித் தெரியும்? எழுந்து வந்துவிடுங்கள்.

## படி 4: காகிதங்கள்

பெடிக்ரி சான்றிதழ் என்பது வம்ச வரிசை மட்டுமே. உடல்நலத்துக்கான உத்தரவாதம் இல்லை. ஆனாலும் அதில்லாமல் "பெடிக்ரி ராக்டால்" என்ற விலை கொடுக்கக் கூடாது. சிஎஃப்ஏ, 1979ல் தொடங்கிய தி இன்டர்நேஷனல் கேட் அசோசியேஷன் (டிகா), பிரிட்டனின் ஜிசிசிஎஃப், ஐரோப்பாவின் ஃபிஃபே, டபிள்யூசிஎஃப் ஆகியவை பரவலாக அறியப்பட்ட பதிவமைப்புகள். சான்றிதழில் உள்ள பதிவு எண்ணை அந்த அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சரிபார்த்துவிடுங்கள்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் பெயர்களைப் படியுங்கள். இடப்பக்கம் குட்டி, அடுத்த பத்தியில் அப்பா அம்மா, அடுத்து தாத்தா பாட்டிகள் என்று விரியும். தகப்பன் வழித் தாத்தாவும் தாய் வழித் தாத்தாவும் ஒரே பெயரா? ஒரே பெயர் மூன்று நான்கு இடங்களில் வருகிறதா? அப்படியானால் நெருங்கிய உறவுக்குள் சேர்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே சின்ன வம்சம் என்று மேலே சொன்னேனே, இங்கேதான் அது உதைக்கும்.

"இம்போர்ட்டட்" என்ற சொல்லுக்கு நம் ஊரில் தனி மயக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து முறையாக வந்த பூனைக்கு மத்திய அரசின் விலங்கு நோய்த்தடுப்புக் காப்பு மற்றும் சான்றளிப்பு அமைப்பின் தடையில்லாச் சான்று இருக்கும். சென்னையிலும் அதற்கு நிலையம் இருக்கிறது. நகல் கேளுங்கள். அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் பூனையின் தோள்பட்டைக்கு நடுவே ஸ்கேனர் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம்: 2020 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை ப்ரீடரிடமோ காப்பகத்திடமோ நேரடியாகத்தான் வாங்க முடியும், இடைத்தரகர் கடைகள் விற்கக் கூடாது. 2024 ஜூன் முதல் அங்கே வளர்ப்புப் பூனைகளுக்கு மைக்ரோசிப்பும் கட்டாயம்.

## படி 5: குட்டியை நேரில் பார்க்கும் நாள்

12 வாரத்துக்கு முன்னால் எந்தக் குட்டியும் தாயைவிட்டு வரக் கூடாது. 13, 14 வாரம் என்றால் இன்னும் நல்லது. ஜிசிசிஎஃப் விதியே 13 வாரம். கடிக்கும் அளவு, நகத்தை உள்ளிழுப்பது, மணலை மூடுவது எல்லாம் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்கும் பாடங்கள். 6 வாரக் குட்டியைத் தருகிறேன் என்பவர் உங்கள் மேல் உள்ள கரிசனத்தால் தருவதில்லை. தடுப்பூசிச் செலவு மிச்சம்.

தாயைக் காட்டச் சொல்லுங்கள். தகப்பன் வேறு இடத்தில் இருக்கலாம், தாய் அங்கேதான் இருக்க வேண்டும். தூரத்து ஊர் என்றால் வீடியோ அழைப்பில் தாயும் குட்டிகளும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். கூரியர்காரர் கையில் பஸ்ஸில் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம்.

இனி அந்தக் கையில் கிடத்தும் வித்தைக்கு வருவோம். அவர் காட்டி முடித்ததும் குட்டியைத் தரையில் விடச் சொல்லுங்கள். ஒரு நாடாவையோ சுடிதார் துப்பட்டாவின் நுனியையோ அதன் முன்னால் மெதுவாக இழுங்கள். நலமான குட்டி முதலில் கண்ணை விரிக்கும், பிட்டத்தை இரண்டு முறை ஆட்டும், பிறகு பாயும். பாய்ந்து, தவறி, மறுபடி வரும். சற்றுமுன் தூங்கி எழுந்த குட்டிக்குக்கூட ஐந்து நிமிடத்தில் இந்தத் துறுதுறுப்பு வந்துவிடும். நாடா மூக்கில் உரசியும் அப்படியே கிடக்கிறதா? அது சாதுத்தனம் இல்லை, நோய். எல்லா ராக்டாலும் கையில் தளர்ந்து கிடக்கும் என்பதும் இல்லை. துள்ளி இறங்கும் ராக்டாலும் அசல் ராக்டால்தான்.

பிறகு உடம்பைப் பாருங்கள். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல் கூடாது. காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கருப்பு அழுக்கு இருந்தால் காதுப்பூச்சி. உடம்பு ஒல்லியாக, வயிறு மட்டும் பானையாக இருந்தால் குடற்புழு. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வாலடி சுத்தமாக இருக்க வேண்டும். அறையில் மூத்திர நெடி கண்ணைக் கரித்தால் குட்டி எப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

தடுப்பூசி அட்டையில் பேன்லூகோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி என்ற மூன்று வைரஸ் நோய்களுக்கும் சேர்ந்த ஊசியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். மருத்துவர் கையெழுத்தும் தேதியும் வேண்டும். வெறும் பேனாவில் எழுதிய தேதிக்கு மதிப்பில்லை. அப்புறம், எழுத்தில் ஒரு ஒப்பந்தம். 7 நாளுக்குள் உங்கள் மருத்துவர் பார்த்துப் பிரச்சினை சொன்னால் பணம் திரும்ப வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். நல்ல ப்ரீடர் உங்களிடமும் கேள்விகள் கேட்பார். பால்கனிக்கு வலை போட்டிருக்கிறீர்களா என்று கேட்கிறவரிடம் தைரியமாக வாங்கலாம்.

விலை? இந்தியாவில் காகிதத்தோடு வரும் குட்டிக்கு லட்சம் ரூபாயைத் தாண்டியும் கேட்கிறார்கள். மலிவாகக் கிடைத்தால் எந்தச் சோதனையை விட்டிருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

## படி 6: முதல் சில வாரங்கள்

வந்த அன்றே வீடு முழுக்கத் திறந்துவிடாதீர்கள். ஒரே ஓர் அறை, அதில் மணல்பெட்டி ஒரு மூலையில், சாப்பாடும் தண்ணீரும் எதிர்மூலையில், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. ப்ரீடர் வீட்டுத் துணி ஒன்றை வாங்கிவந்து உள்ளே போடுங்கள். கட்டிலுக்கடியில் போனால் இழுக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், தானாக வரும். வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரம் தனியறைதான். கிளினிக்கில் ரத்தப் பரிசோதனையில் பூனை லுகேமியா, எஃப்ஐவி (எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகே சந்திப்பு.

ப்ரீடர் கொடுத்த அதே உணவையே முதல் இரண்டு வாரம் கொடுங்கள். மாற்றுவதென்றால் பிறகு 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. மணலும் முதலில் பழகிய வகையே. கடையில் விற்கும் மணல்பெட்டிகள் பெரும்பாலும் வளர்ந்த ராக்டாலுக்குச் சின்னது. துணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்தினால் போதும், பாதி விலையில் முடியும். பூனை மரம் வாங்கினால் 9 கிலோ ஏறிக் குதித்தாலும் சாயாத அடிப்பலகை வேண்டும், அல்லது சுவரில் திருகிவிடுங்கள்.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்கால்களுக்கடியில். அக்குளைப் பிடித்து உடம்பைத் தொங்கவிட்டால் இது திமிறாது, அதனால்தான் பிள்ளைகள் தப்பாகத் தூக்கிக்கொண்டே திரிவார்கள். முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

## படி 7: சாப்பாடு

பூனை இறைச்சி தின்னும் பிராணி. தயிர்சாதமும் பாலும் ஊற்றி வளர்த்த பூனைகள் நம் வீடுகளில் உண்டுதான். அவை மீதிக்கு எலியும் பல்லியும் பிடித்துத் தின்று சமாளித்தன. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ராக்டாலுக்கு அந்த வழி இல்லை. டாரின் என்ற அமினோ அமிலம் பூனைக்கு உணவிலிருந்தே வர வேண்டும். அது குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். உணவில் டாரின் குறைவுதான் பூனைகளில் ஒருவகை இதய வீக்கத்துக்குக் காரணம் என்று 1987ல் தெரியவந்த பிறகுதான் பூனை உணவுத் தயாரிப்பாளர்கள் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

முழுமையான உணவு என்று குறித்த ஈர உணவும் உலர் உணவும் கலந்து கொடுப்பது என் பரிந்துரை. ஈர உணவு ஏன் என்றால், உலர் உணவு மட்டும் தின்னும் பூனை தேவையான தண்ணீர் குடிக்காது. வெயில் ஊரில் அது சிறுநீர்ப்பையில் போய் முடியும். ஆண் பூனை மணல்பெட்டியில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்தால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கிறது. அன்றைக்கே மருத்துவமனை, ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதத்துக்கு மேல் மூன்று, பிறகு இரண்டு. வேகவைத்த கோழிக்கறி, எலும்பில்லாமல், உப்பும் மசாலாவும் இல்லாமல், ஆசைக்குக் கொஞ்சம் தரலாம். வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும். நம் குழம்பில் ஊறிய எதுவும் வேண்டாம். கருத்தடைக்குப் பிறகு பசி ஏறும், ஓட்டம் குறையும். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். முடிக்குள் ஒளிந்துகொண்டு எடை ஏறுவது கண்ணுக்குத் தெரியாது.

## படி 8: முடி

பாரசீகப் பூனையோடு ஒப்பிட்டால் வேலை குறைவு. அடிமுடி கொஞ்சம்தான் என்பதால் எளிதில் சிக்கு விழாது. வாரம் இரண்டு மூன்று முறை ஸ்டீல் சீப்பால் வாரினால் போதும். முதுகை மட்டும் வாரிவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். சிக்கு விழுவது அக்குளில், காதுக்குப் பின்னால், வயிற்றில், பின்தொடையில். அந்த இடங்களை விரலால் தடவித் தேடுங்கள். சிக்கு கிடைத்தால் கத்தரிக்கோல் வேண்டாம். பூனையின் தோல் காகிதம் போல மெல்லியது. முடியோடு தோலும் மேலே வந்துவிடும். விரலால் பிரித்து, முடியாவிட்டால் க்ரூமரிடமோ மருத்துவரிடமோ போங்கள்.

வெயில் என்று உடம்பு முழுக்க மழித்துவிடுவதும் வேண்டாம். வாலடி முடியை மட்டும் சுத்தத்துக்காகக் குட்டையாக வெட்டலாம்.

## படி 9: வெயில், பால்கனி, வீட்டு விஷங்கள்

சித்திரை வைகாசியில் மதிய நேரம் ஏசியோ, காற்றோட்டமான இருட்டறையோ கட்டாயம். மின்தடை வந்தால் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள், தேவையானால் சாய்ந்துகொள்ளும். வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்குகிறதா? விளையாடி முடித்த குட்டியானால் ஒரு நிமிடம் பாருங்கள். நிற்கவில்லை என்றால், அல்லது சும்மா இருக்கும்போதே வாங்கினால், வண்டியை எடுங்கள்.

பால்கனிக்குப் புறா நைலான் வலையைவிடக் கம்பிவலை பாதுகாப்பு. நைலானைக் கடித்து ஓட்டை போடும் பூனைகளை எனக்குத் தெரியும்.

விஷங்கள் விஷயத்தில் நம் வீடுகளுக்கே உரிய சில உண்டு. ஃபினைல் ஊற்றித் துடைத்த தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும். ஃபீனால் வகைகளைப் பூனையின் கல்லீரலால் வெளியேற்ற முடியாது. சோப்புத் தண்ணீர் போதும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரை கொல்லும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனை முதுகில் விட்டால் வலிப்பு வரும். பூங்கொத்தில் வரும் லில்லியின் மகரந்தம்கூடச் சிறுநீரகத்தை அழித்துவிடும். நம் மாநில மலர் செங்காந்தளும் கடும் விஷம். தீபாவளி வாரத்தில் ஜன்னல் அடைத்த ஓர் உள்ளறையை முன்கூட்டியே பழக்கிவையுங்கள்.

## படி 10: மருத்துவமும் மூச்சு எண்ணிக்கையும்

தடுப்பூசி 8, 12, 16 வாரங்களில். 12 வாரத்துக்கு மேல் வெறிநாய்க்கடி தடுப்பூசி. வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் இவையெல்லாம் வேண்டும். பேன்லூகோபீனியா செருப்போடு வீட்டுக்குள் வரும் வைரஸ். கருத்தடை 4 முதல் 6 மாதத்துக்குள். மயக்க மருந்து கொடுக்கும் முன் ஹெச்சிஎம் உள்ள இனம் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருந்தாலும் சரி.

எஃப்ஐபி என்ற நோயும் வம்சப் பூனைகளில், கூட்டமாக வளர்க்கப்பட்ட குட்டிகளில் அதிகம். விடாத காய்ச்சல், வயிறு நீர்கோத்து உப்புதல், எடை இறங்குதல். முன்பு கைவிட வேண்டிய நோயாக இருந்தது. ஜிஎஸ்-441524 என்ற மருந்து வந்த பிறகு பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. அதனால் யாராவது "இதுக்கு மருந்தே இல்லை" என்றால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

இனி, வாரம் ஒருமுறை நீங்களே செய்ய வேண்டியது. பூனை நன்றாகத் தூங்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். குறட்டையோ கனவோ இல்லாத நேரமாக இருக்கட்டும். மார்பு ஏறி இறங்கினால் ஒன்று. செல்போனில் 30 விநாடி வைத்து எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். ராக்டாலின் முடிக்குள் அசைவு தெரியாவிட்டால் விலாவோரம் முடியின் நுனியைப் பாருங்கள், ஒளியில் அது நடுங்கும். நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி. இரண்டு மூன்று முறை எண்ணியும் 30ஐத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். அவருக்கு உங்கள் வர்ணனையைவிட அந்த எண் உதவும்.

பின்கால்கள் திடீரென்று செயலிழந்து, குளிர்ந்து, பூனை அலறினால் இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி காலுக்குப் போகும் ரத்தத்தை அடைத்திருக்கிறது. சாதுவான பூனை அலறுகிறதென்றால் அந்த வலியை யோசித்துக்கொள்ளுங்கள். நேரம் கடத்தாமல் எடுத்துப்போங்கள். எக்கோ வசதியுள்ள மருத்துவமனை எது, இரவில் திறந்திருப்பது எது என்று முன்பே விசாரித்து வையுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கி விசாரிக்கலாம்.

முதல் எக்கோ ஒரு வயதையொட்டி எடுக்கலாம். பிறகு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதை முடிவைப் பார்த்து இதயநோய் பார்க்கும் மருத்துவர் சொல்வார். அதே சமயத்தில் ரத்தவகையையும் பார்த்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான பூனைகள் ஏ வகை, ஆனால் ராக்டாலில் பி வகையும் மற்ற இனங்களில் அரிதான ஏபி வகையும் வரும். பி வகைப் பூனைக்கு ஏ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அவசரத்தில் ரத்தம் தேவைப்படும் நாளில் இதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.